ஆணி மேல் போட்ட பழி

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவில்லை, ஜன்னலைச் சாத்திப் பார்க்கவில்லை. விரலை மடக்கிச் சுவரில் தட்டினார்கள். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்கள். சுவர் 'டொம்' என்றது. அவ்வளவுதான், வந்த காரியம் முடிந்துவிட்டது. கணவன் மனைவியைப் பார்ப்பான், மனைவி வாசலைப் பார்ப்பாள், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று இருவரும் சேர்ந்தே சொல்வார்கள். அப்படிக் கலந்து பேசப் போனவர்கள் யாரும் அதற்குப் பிறகு போனை எடுத்ததில்லை.

இந்த 'டொம்'மோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஊர் வைத்த பெயர் ரெடிமேட். சுவரையும் கூரையையும் தொழிற்சாலையிலேயே பலகை பலகையாக வார்த்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்தி, இடுக்குகளை அடைத்து, ஒரே வாரத்தில் சாவியைக் கையில் கொடுக்கிற கம்பெனியில் அவன் விற்பனைப் பிரதிநிதி. அவனுடைய அடையாள அட்டையில் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அழகாக அச்சாகியிருந்தது. அந்தப் பெயரை அந்த அட்டையைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை.

அந்தப் பலகைகள் உண்மையிலேயே நல்ல பலகைகள். கதையில் பின்னால் என்னென்னவோ வரப்போகிறது என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். பலகைக்குள் மேலிருந்து கீழ்வரை நீளமான பொந்துகள் இருக்கும். அதனால் எடை குறைவு, வெயில் உள்ளே இறங்காது. மழைத்தண்ணீர் எங்காவது இடுக்கில் புகுந்துவிட்டாலும் பொந்து வழியாகவே இறங்கி, அடியில் விட்டிருக்கும் சின்னத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். பொந்து இருந்ததால்தான் அந்தச் சுவர் நன்றாக இருந்தது. பொந்து இருந்ததால்தான் அதை யாரும் வாங்கவில்லை.

பொந்து மட்டுமா தடை? ஊரில் பாதிச் சந்துகளில் கிரேன் திரும்பாது. வங்கிக்குப் போனால், செங்கல் வீடு என்றவுடன் நாற்காலியை இழுத்துப்போடுகிற மேலாளர், பலகை வீடு என்றவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கொத்தனார்கள் டீக்கடையில் உட்கார்ந்து, அந்த வீட்டில் ஒருத்தன் தும்மினால் அடுத்த அறையில் இருக்கிறவனுக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ரெடிமேடும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு சொல்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

கம்பெனி மேனேஜர் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். விளம்பரத்தைப் பார்த்து யாரும் வீடு வாங்க மாட்டார்கள், பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்றார். ஊருக்குள் ஒரே ஒரு வீடு நிற்கட்டும், அதில் ஊருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் குடியிருக்கட்டும், மற்றது தானாக நடக்கும் என்றார். அப்படி நிற்காவிட்டால் இந்த ஊர்க் கிளையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்.

ரெடிமேடுக்கு ஊரில் தெரிந்த குடும்பம் ஒன்றுதான். அவனுடைய அக்கா குடும்பம். அரைக்கால் சட்டை போட்ட வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் அக்காவின் பின்னாலேயே அவள் புகுந்த வீட்டுக்கு வந்தவன். அத்தான் அவனை ஒரு நாளும் வந்தவன் என்று பார்த்ததில்லை. தட்டில் பெரிய துண்டு விழுந்தால் அதை எடுத்து அவன் தட்டில் போடுகிற மனிதர். சிக்கல் என்னவென்றால் அத்தான் ஒரு கொத்தனார். அதுவும் ஏனோதானோ கொத்தனார் இல்லை. ஊரில் நேராக நிற்கிற சுவர்களில் பாதி அவர் தூக்குக்குண்டு பிடித்து எழுப்பியவை.

ஊருக்கெல்லாம் வீடு கட்டியவருக்குத் தன் வீட்டைக் கட்ட மட்டும் நேரம் வாய்க்கவில்லை. மனை ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அதில் புல் முளைத்து, ஊர் ஆடுகளுக்கு நல்ல மேய்ச்சலாக இருந்தது. வாடகை வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டும், மழைக்கு முன்னால் காலி செய்யுங்கள் என்று சொன்னபோதுதான் அக்கா முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். செங்கல் வைத்துக் கட்டினால் அடுத்த மழைகூட வந்துவிடும். ரெடிமேட் ஒரு வாரம் என்றான். முதல் வீடு என்பதால் கம்பெனி விலையைக் குறைக்கும், பதிலுக்கு வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டினால் போதும் என்றான்.

கொத்தனார் இரண்டு நாள் தாடையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். கூட்டாளிகள், "நம்ம கையை நாமளே வெட்டிக்கிறதா?" என்று கேட்டார்களாம். மூன்றாம் நாள் அவர் அவர்களிடம் சொன்ன பதிலை அக்கா தம்பிக்கு வந்து சொன்னாள். என் மச்சினன் விக்கிற பொருளை நானே வாங்கலைன்னா வேற எவன் வாங்குவான் என்றாராம். அதைக் கேட்டு ரெடிமேடுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று ராத்திரியே அடுத்த கவலையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பால் காய்ச்சுகிற அன்று கூட்டாளிகள் எல்லோரும் வருவார்கள். வந்ததும் தட்டுவார்கள். சுவர் 'டொம்' என்னும். அத்தான் முகத்துக்கு நேராகவே சிரிப்பார்கள். அதை நினைக்க அவனுக்குப் பொறுக்கவில்லை. அத்தானின் மானத்தைப் பற்றி நினைத்தானா, தன் வேலையைப் பற்றி நினைத்தானா என்று பிறகு பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்தான். இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

பலகைகளை நிறுத்திக் கூரை போடாமல் வேலை நின்ற விடுமுறை நாளில் அவன் தனியாக மனைக்குப் போனான். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிமெண்டும் மணலும் குழைத்தான். ஏணி வைத்து ஏறி, வாசல் கதவை ஒட்டிய சுவரின் பொந்துகளுக்குள் வாளி வாளியாக ஊற்றினான். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்வரை ஊற்றினான். உள்ளே வருகிற எவனும் அந்தச் சுவரைத்தான் தட்டுவான், அதற்கு மேலே எவனும் தட்டப் போவதில்லை. அடியில் இருந்த துளைகளைப் பற்றி அவன் யோசிக்கவேயில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தான். ஒரு சுவர்தானே என்று நினைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டுத் தட்டிப் பார்த்தான். பாறையைத் தட்டியது மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான்.

கூட்டாளிகள் வந்தார்கள், தட்டினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார்கள். கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்கிற தோரணையைப் பார்த்தே அவர் மனசு தெரிந்தது. போதாததற்கு, அடுத்த நாளே தன் அப்பாவின் படத்தை அந்தச் சுவரில் மாட்டினார். பலகைச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போட்டு அதற்கென்று இருக்கிற திருகாணியைத்தான் மாட்ட வேண்டும் என்று ரெடிமேட் முன்பே சொல்லியிருந்தான். நான் அடிக்காத ஆணியா என்று கொத்தனார் பெரிய ஆணியாகப் பார்த்து, தலைக்கு மேலே கையை நீட்டி, சுத்தியலால் நாலு போடு போட்டார். ஆணி இம்மியும் அசையாமல் நின்றது. வந்தவர்களிடமெல்லாம் அந்த ஆணியைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

அந்த ஒரு சுவர் ஊரையே மாற்றியது. தட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு கடைக்காரர் வாங்கினார், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கினார், ஒரு நர்ஸ் வாங்கினாள். குடிபோன பிறகு சிலர் தங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ரெடிமேடுக்குப் போன் செய்தார்கள். எங்களுடையது மட்டும் ஏன் 'டொம்' என்கிறது என்று கேட்டார்கள். புதுச் சுவர், காயக் காயத்தான் இறுகும், எங்கள் அத்தான் வீட்டுச் சுவரும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது என்று அவன் கூசாமல் சொன்னான். அவர்களும் நம்பினார்கள். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நாலு வருஷம் வெயிலில் அலைந்திருக்க வேண்டாம் என்றுகூட ஒருநாள் அவனுக்குத் தோன்றியது.

பிறகு மழை வந்தது. சும்மா வரவில்லை, விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தது. ஊரில் இருந்த எல்லாப் பலகை வீடுகளும் கம்பெனி சொன்னபடி சொட்டு நீர் இல்லாமல் நின்றன. அக்கா வீட்டில் மட்டும், வாசலை ஒட்டிய சுவரில், மாமனார் படத்துக்குப் பின்னாலிருந்து ஈரம் பரவியது. முதலில் உள்ளங்கை அகலம். பிறகு பாய் அகலம். கொத்தனார் பெரிய படமாக வாங்கி மறைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தபோது பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கொத்தனார் வீட்டுச் சுவரே ஊறிப்போச்சாம் என்று பேசிக்கொண்டார்கள். முன்பணம் கொடுத்தவர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். மேனேஜர் சிரிக்காமல் பேசினார்.

ரெடிமேட் நனைந்துகொண்டே பைக்கில் போய் இறங்கினான். ஈரம் தரையிலிருந்து ஏறவில்லை, கூரையிலிருந்தும் வழியவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி தொடங்கியிருந்தது. அவன் கலவையை நிறுத்திய இடம் அது. மேலே இடுக்கில் புகுந்த தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கி உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்துக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"மாப்ளே, உன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்டா" என்றார்.

அவனுக்குப் புரியவில்லை. "என்னத்தான் சொல்றீங்க?"

"ஆணி. திருகாணிதான் போடணும்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. நான்தான் பெரிய இவன் மாதிரி சுத்தியலைத் தூக்குனேன். உள்ள எங்கயோ விரிசல் விட்டிருக்கு. அது வழியாத்தான் தண்ணி எறங்குது. இத்தனை வருஷம் சுவரோட பழகினவன், எனக்குத் தெரிய வேணாமா?"

இல்லை அத்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லிவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு திட்டு, ஒரு அறை, நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாமை, அதோடு முடிந்திருக்கும். ஆனால் வேலை போய்விடும் என்பது அவன் கண்முன் வந்து நின்றது. கலவை ஊற்றியவன் என்று தெரிந்தால் மேனேஜர் ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டார். கடைசியில், "பரவால்ல, விடுங்கத்தான்" என்றான்.

செய்யாத தப்புக்கு அந்த மனிதரை மன்னித்தான். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். ஏழெட்டு ஊர்களைப் பார்க்கிறவர், காரை விட்டு இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினார். அவர் சுவரில் கைவைப்பதற்கு முன்பே கொத்தனார் ஆணியைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தப்பை வீட்டுக்காரரே ஒப்புக்கொண்ட பிறகு இன்ஜினியருக்குத் தேட என்ன இருக்கிறது? கூரை இடுக்கை இன்னொரு தடவை அடைத்து, ஆணி ஓட்டையை மூடி, வெள்ளையடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஆணி அடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்று ரெடிமேடிடமும் சொன்னார். அவன் தலையாட்டினான்.

அதோடு விட்டாரா கொத்தனார்? மச்சினனுக்குத் தன்னால் வந்த கெட்ட பெயரைத் தானே துடைப்பது என்று கிளம்பிவிட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் வீட்டு வாசல்களில் போய் நின்றார். வீட்டு மேல் குற்றம் இல்லை, என் கை மேல்தான் குற்றம் என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டவர்களும் உண்டு, கதவைப் பாதி திறந்து கேட்டவர்களும் உண்டு. எல்லோரும் ஒன்றைத்தான் யோசித்தார்கள். இந்த வீடுகள் வந்தால் முதலில் பட்டினி கிடக்கப் போகிறவன் கொத்தனார். அவனே வந்து வீடு நல்ல வீடு, நான்தான் முட்டாள் என்கிறான் என்றால் இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

கம்பெனியின் வண்ணப் புத்தகத்தால் முடியாதது, தள்ளுபடியால் முடியாதது, கூழைக்கும்பிடு போட்டும் முடியாதது எல்லாம் இந்த ஒரு வார்த்தையால் முடிந்தது. கேட்டவர்கள் பிறருக்குச் சொன்னார்கள். வங்கி மேலாளர் காதுக்கும் போயிற்று, அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தையே வாங்கிப் பலகை வீடுகளால் ஒரு குடியிருப்பு போடுவது என்று கம்பெனி முடிவெடுத்தது. அங்கே கிரேன் திரும்ப இடத்துக்குப் பஞ்சமில்லை. ரெடிமேடை வட்டார அதிகாரி ஆக்கினார்கள். டீக்கடையில் இப்போது அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கொத்தனாருக்குத்தான் உட்கார இடமில்லாமல் போயிற்று. கூட்டாளிகளில் பாதிப் பேர், இவன் பொறாமையில் வேண்டுமென்றே சுவரைக் கெடுத்துவிட்டு இப்போது நல்லவன் வேஷம் போடுகிறான் என்றார்கள். மீதிப் பேர், ஆணி அடிக்கத் தெரியாதவனெல்லாம் கொத்தனாரா என்றார்கள். வீடு கட்டுகிறவர்களும் இதைக் கேட்டார்கள். வேலைக்குக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது. ரெடிமேட்தான் பேசி அவரைக் கம்பெனியில் பலகை இடுக்கு அடைக்கிற வேலையில் சேர்த்துவிட்டான். மஞ்சள் நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு, தன் பாதி வயதுப் பையன்கள் இங்கே அடை, அங்கே அடை என்று கை காட்டுகிற இடத்தில் அத்தான் முட்டி போட்டு உட்காருவதை அவன் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தான். பிறகு மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னான்.

அக்கா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டான். போகும்போதெல்லாம் எதையாவது வாங்கிக்கொண்டு போனான். குளிர்பதனப் பெட்டி வாங்கிக் கொடுத்தான், கட்டில் வாங்கிக் கொடுத்தான், அத்தானுக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தான். வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் பொருளாக வாங்கி இறக்கினான். உன் தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு பார்த்தாயா, நான் பண்ணின காரியத்துக்கு வேறொருத்தனாக இருந்தால் வாசல் மிதித்திருப்பானா என்று அத்தான் மனைவியிடம் சொல்வார். அதைக் கேட்கிறபோது அவன் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவிவிடுவான்.

ஒருநாள் கொல்லையில் துணிக்கொடி அறுந்து கிடந்தது. ஏன் அக்கா, அத்தான் கட்ட மாட்டாரா என்று கேட்டான்.

"ஆணி அடிக்கணுமே" என்றாள் அக்கா. "இப்பல்லாம் வீட்டுல சுத்தியலைத் தொடறதில்லடா. பக்கத்து வீட்டுத் தம்பியக் கூப்பிட்டுத்தான் அடிக்கச் சொல்றாரு. ஒரு தடவ எடுத்தாரு. அடிக்காமலே கீழ வச்சுட்டாரு."

அக்கா அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். ரெடிமேடுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று விடிகாலையில் முடிவெடுப்பான். பல் தேய்த்து முகம் கழுவுவதற்குள் அந்த முடிவு கரைந்து போய்விடும். தான் இவ்வளவு கோழை என்பது அவனுக்கே புதுச் செய்தியாக இருந்தது.

மைதானத்துக் குடியிருப்பைத் திறந்து வைக்கிற நாள் வந்தது. பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சாவி வாங்க வந்த குடும்பங்களும் அடுத்த கட்டத்தில் வாங்கப் போகிறவர்களுமாக நல்ல கூட்டம். மேனேஜர் பேசிவிட்டு, இப்போது ஒரு முக்கியமான மனிதர் பேசுவார் என்று சொல்லிக் கொத்தனாரை மேடைக்குக் கூப்பிட்டார். மஞ்சள் மேல்சட்டையோடேயே அவர் ஏறினார். ஒலிபெருக்கியைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார். பிறகு தனக்குப் பழகிப்போன அந்தக் கதையைச் சொன்னார். எத்தனை வாசலில் சொல்லியிருப்பார், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஜனங்கள் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டிருந்தது.

"இந்தக் கைதாங்க" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். "நல்ல வீட்டைக் கெடுத்த கை. நீங்க யாரும் ஆணி அடிச்சுடாதீங்க."

கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். முன்வரிசையில் ஒரு குழந்தைகூடக் கையைத் தூக்கிக் காட்டியது. அந்தச் சிரிப்பு ரெடிமேடின் நெஞ்சில் வந்து இடித்தது. எழுந்திருக்கிறோம் என்று தெரியாமலே எழுந்துவிட்டான். மேடைக்கு அருகில் போய்க் கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

"அத்தான் மேல தப்பு இல்லை. ஆணியால ஒண்ணும் ஆகலை. அந்தச் சுவருக்குள்ள கலவையை ஊத்தி அடைச்சது நான். தட்டினா கெட்டியாக் கேக்கணும்னு ஊத்தினேன். தண்ணி போற வழியை நான்தான் அடைச்சேன்."

ரெடிமேட் கூட்டத்தைப் பார்த்தான். கல் வந்து விழும் என்று எதிர்பார்த்தான். பின்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம், அத்தான் பேரைக் காப்பாத்தத் தன் மேலேயே போட்டுக்கிறான் பாரு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மச்சினன் கிடைப்பானா என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார். அவ்வளவுதான், பந்தல் முழுக்கக் கைதட்டியது. மேனேஜர் கில்லாடி. ஒலிபெருக்கியைப் பிடுங்கி, இதுதான் எங்கள் கம்பெனி, இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். கைதட்டல் இரண்டு மடங்கானது.

கொத்தனார் மேடையிலிருந்து இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்காக ஏன்டா பொய் சொல்ற? யாராவது நெசம்னு நம்பிட்டா உன் வேலை என்னாகும்? இனிமே இப்படிப் பண்ணாத."

எத்தனை மாசம் வாய் வராமல் தவித்தான். வந்த வாய்க்கும் இந்த மதிப்புத்தான் என்றால் என்ன செய்வது? ரெடிமேடுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. முழுக் கோபமும் தன் மேலேயே வந்தது. அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு விட்டான். வழியெல்லாம் அத்தான் பின்னாலிருந்து, விழாவைப் பாதியில் விட்டு வந்தால் மேனேஜர் தப்பாக நினைக்க மாட்டாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த கொத்தனாரின் பையை இழுத்தான். சுத்தியலையும் உளியையும் எடுத்தான். அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து, என்னடா பண்ணுற என்று கேட்பதற்குள் வாசல் சுவரில் முதல் அடி விழுந்துவிட்டது. கொத்தனார் பதறிப்போய்த் தடுக்க வந்தார். அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு அடித்தான். வெள்ளைப் பூச்சு உதிர்ந்தது, பலகையின் மேல்தோல் பெயர்ந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் இறுகிப் போன கலவை தெரிந்தது. அதற்குச் சற்று மேலே இன்னொரு ஓட்டை போட்டான். தேங்கி நின்ற அழுக்குத் தண்ணீர் சுவரில் வழிந்து தரையில் ஓடியது. பிறகு படுக்கையறைக்குப் போய் அங்கே ஒரு சுவரை உடைத்தான். அங்கே உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டும் பொந்தும்தான்.

"கைய விட்டுப் பாருங்கத்தான்" என்றான். மூச்சு வாங்கியது. "எல்லாச் சுவரும் இப்படித்தான் இருக்கணும். அந்த ஒண்ணை மட்டும் நான் அடைச்சேன். நீங்க ஆணி அடிக்கறதுக்கு முன்னாடியே. கூரை போடறதுக்கு முந்தின நாள்."

கொத்தனார் படுக்கையறைப் பொந்துக்குள் கையை விட்டார். முழங்கைவரை போயிற்று. வெளியே எடுத்தார். கூடத்துக்கு வந்து வாசல் சுவரின் ஓட்டைக்குள் விரலை விட்டார். கலவையில் முட்டியது. இன்னொரு தடவை படுக்கையறைக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ரெடிமேட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே போய் நின்றான். கன்னத்தில் விழும், விழட்டும், நாலாக விழட்டும் என்று நின்றான். அந்த அடிக்காகத்தான் இத்தனை மாசமாக அவன் ஆசைப்பட்டுக் காத்திருந்தான்.

"அப்ப ஆணி இல்லையா?" என்றார் கொத்தனார்.

"இல்லத்தான்."

"நான் அடிச்சதால இல்லையா?"

"இல்லத்தான். உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அவர் கை ஓங்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. அவனை அவர் பார்க்கவேயில்லை. அவன் செய்தது என்ன, மறைத்தது என்ன என்பதெல்லாம் அவர் மண்டையில் இன்னும் ஏறவேயில்லை. ஏறியது ஒன்றே ஒன்றுதான். பரீட்சையில் தேறிவிட்டோம் என்று கேள்விப்பட்ட பையன் மாதிரி, நம்பவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"ஏய், இங்க வா. கேட்டியா?" என்று மனைவியைக் கூப்பிட்டார். "நான் கெடுக்கலையாம். என் கையால ஒண்ணும் கெட்டுப் போகலையாம்."

அக்கா கணவரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. ஈரக் கையைத் துடைக்கக்கூட மறந்து போய், யாரோ முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் புகுந்துவிட்ட மாதிரி அவனைப் பார்த்தாள்.

"அவ நம்ப மாட்டேங்கறா பாரு" என்றார் கொத்தனார். "இன்னொரு தடவ சொல்லுடா மாப்ளே. அவ கேக்கட்டும்."

அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ரெடிமேட் இன்னொரு தடவை சொன்னான்.